ஏரி வாசல் பலகையில் விடுபட்ட பெயர்

1

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆரணியில் பஸ் ஏறி பெங்களூருக்கு வந்தபோது துணிப்பையில் இரண்டு கைலியும் ஓர் இரும்புக் கரண்டியும்தான் இருந்தன. அந்தக் கரண்டியை வைத்து நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் மறந்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது.

ஈஜிபுராவில் தகரக் கொட்டகை போட்டு ஈயம் உருக்கினேன். மழை வந்தால் கூரை ஒழுகும். கொதிக்கிற ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் முகத்தில் வெடிக்கும். என் இடது கன்னத்தில் இருக்கும் தழும்பு அப்படி வந்தது. மறுநாளே கட்டுப் போட்டுக்கொண்டு அடுப்பு மூட்டினேன். மாக்கல்லை வாங்கி வந்து நானே செதுக்கி அச்சு செய்தேன். பேரிக்காய் போல ஒன்று, வேப்பங்கொட்டை போல ஒன்று, மிளகு போல ஒன்று என்று மொத்தம் பதினோரு அச்சு. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சிவாஜி நகரில் தூண்டில் விற்கிற எந்தக் கடையில் கேட்டாலும் ‘கோவிந்தசாமி குண்டு’ என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள். தூண்டில் நரம்பை அடியில் இழுத்துப் பிடிக்கிற அந்த ஈயக் குண்டு இல்லாமல் இந்த ஊரில் ஒருவனும் கெண்டை பிடித்ததில்லை. காவிரிக் கலவரத்தின்போது கொட்டகை வாசலில் இருந்த தமிழ்ப் பலகையை நானே கழற்றி உள்ளே வைத்தேன். அடங்கியதும் கன்னடத்தில் எழுதி மாட்டினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு இன்றுவரை படிக்கத் தெரியாது. ஆனாலும் அது என் பலகை. வீடு கட்டினேன். மகளை பி.காம். படிக்க வைத்தேன்.

இத்தனை செய்தவனின் பெயர் அரசாங்கத்துப் பலகை ஒன்றில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் சகலை ஏழுமலையின் பெயர் வந்திருக்கிறது.

நம்மூர் ஆண்டு மலருக்காக ‘பெங்களூர் வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதுங்கள்’ என்று ஆசிரியர் கேட்டார். என் பெங்களூர் வாழ்க்கை இப்போது இந்தப் பலகைதான். அதையே எழுதுகிறேன்.

2

சந்தாபுராவைத் தாண்டிப் போனால் வன இலாகாவின் ஏரிப் பூங்கா ஒன்று இருக்கிறது. பறவைகளுக்காகப் பாதுகாத்து வைத்த இடம். சீட்டு வாங்கிக்கொண்டு கரையின் ஒரு பக்கம் மட்டும் தூண்டில் போடலாம். அங்கே ஈயக் குண்டைத் தடை செய்து ஒரு வருடம் நிறைவு என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒரு விழா வைத்தார்கள். என் மகள் செல்வி, மருமகன், பேரன், என் மனைவி கனகா எல்லோரும் கிளம்பினார்கள். ‘நான் வரவில்லை’ என்றேன். பிறகு வண்டியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவனும் நான்தான்.

வாசலில் பச்சைப் பலகை. மேலே கன்னடம், கீழே இங்கிலீஷ். நம்மூரிலிருந்து ஆறு மணி நேர பஸ் தூரம்தான், வெளிநாடு ஒன்றும் இல்லை. ஆனால் முப்பது வருடம் இருந்த ஊரில் ஒரு பலகையின் முன்னால் நின்று, மகள் வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? நான் கன்னடம் பேசினால் கன்னடக்காரரே தலையாட்டுவார். எழுத்து மட்டும் எனக்கு முறுக்கு சுற்றி வைத்த மாதிரி. செல்விக்கு நேர் எதிர். கன்னடம் தண்ணீர் மாதிரி ஓடும். தமிழில் சினிமா போஸ்டரைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் இங்கே எழுதுவதை அவளால் படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் சிலவற்றை எழுதுகிறேன்.

செல்வி படித்தாள்: “ஈயக் குண்டு, ஈய மணி எதுவும் உள்ள எடுத்துகினு போகக் கூடாது. இரும்பு, வெள்ளீயம், கல்லு பரவால்ல. வாசல்ல சோதனை உண்டு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்லப்பா. வா, உள்ள போலாம்.”

“கீழ இன்னும் ரெண்டு வரி கீது. படி.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சீக்கிரமாகச் சொல்லி முடித்தாள். “ஈயத்தை அடையாளம் காணும் எளிய சோதனையைக் கண்டுபிடித்து உதவிய திரு. ஏழுமலை அவர்களுக்கு நன்றி.”

ஏழுமலை சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாலை. என் மனைவியின் தங்கை புருஷன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் டைம் கீப்பராக இருந்து வெளியே வந்தவன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அதுவும் கன்னடத்தில். இப்போது அந்த ஏரித் தூண்டில்காரர் சங்கத்துக்குச் செயலாளர். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்தான்.

“அண்ணே, வந்துட்டியா! நீ வரலன்னா எனக்கு விழாவே இல்ல.”

மாலையில் இருந்த சம்பங்கி என் மூக்கில் இடித்தது. அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கனகா கேட்டாள்: “என் தங்கச்சி புருஷன் பேரு போர்டுல வந்தா உனக்கு ஏன்யா வயிறு எரியுது?”

எரியத்தான் எரிந்தது. நான் மறுக்கவில்லை.

3

ஈயத்தில் இரண்டு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். அது விலை அதிகம், அதில் விஷம் இல்லை. நான் உருக்கியது காரீயம். பழைய டெலிபோன் கேபிளின் உறை, தண்ணீர்க் குழாய், வண்டிச் சக்கரத்தில் மாட்டுகிற எடைத் துண்டு, இவையெல்லாம் காரீயம்.

ஆரம்பத்தில் இங்கே சொம்பு வியாபாரமும் கொஞ்சம் செய்தேன். பழைய சொம்பு விற்க வருகிறவர்கள் காரீயம் கலந்ததைக் கொண்டு வந்து சுத்தமான சொம்பு என்பார்கள். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நான் ஒரு காரியம் செய்வேன். ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு, வெள்ளைக் காகிதத்தில் ஒரு இழு இழுப்பேன். காரீயம் இருந்தால் பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழும். சுத்த வெள்ளீயமாக இருந்தால் காகிதம் அப்படியே இருக்கும். எத்தனையோ பேர் அந்தக் கோட்டைப் பார்த்ததும் சொம்பை முந்தானையில் மூடிக்கொண்டு பேசாமல் போயிருக்கிறார்கள். எனக்குக் கன்னடத்தில் ஒரு வரி படிக்க வராது. ஆனால் ஈயம் எழுதுவதைப் படிக்க என்னைவிட்டால் இந்த ஊரில் ஆள் இல்லை.

பலகை சொல்லுகிற ‘எளிய சோதனை’ இதுதான்.

4

தடை வந்த புதிதில் நான் கொதித்துப் போனேன். ஒரு ஏரியில் ஆரம்பித்தால் எல்லா ஏரிக்கும் வரும் என்று கடைக்காரர்கள் பயந்து ஆர்டரை நிறுத்தினார்கள். கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் குண்டு தேங்கி நின்றது. ‘போய் அந்த ஏரிக் காவல்கார வாட்சரைக் கேட்கிறேன், மீன் பிடிக்கிறவனுக்கும் பறவைக்கும் என்ன சண்டை’ என்று கிளம்பினேன். துணைக்கு ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு போனேன். பேச எனக்குத் துணை வேண்டாம். ஆனால் ஆபீஸ் என்று வந்தால் ஏதாவது காகிதத்தை நீட்டுவார்கள், அதற்கு.

நாங்கள் போனபோது வாசலில் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு ஆள். அவன் பெட்டியிலிருந்து எடுத்த குண்டுகள் வாட்சரின் உள்ளங்கையில் இருந்தன.

“தவர ஸார், தவர! பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு” என்றான் தொப்பிக்காரன். தவரம் என்றால் கன்னடத்தில் வெள்ளீயம். தடையில் அதற்கு விலக்கு இருக்கிறதே.

வாட்சர் வயசானவர், நல்ல மனிதர். குண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “ஸீஸவோ தவரவோ, எனக்கு எப்படி அப்பா தெரியும்? நான் மரம் எண்ணுகிற ஆள்” என்று கன்னடத்தில் அலுத்துக்கொண்டார். ஸீஸ என்றால் காரீயம்.

பத்தடி தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வேப்பங்கொட்டை அச்சு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மினுக்கியிருக்கிறான். நான் வந்தது தடையை எதிர்க்க. நியாயமாகப் பார்த்தால் அவன் பக்கம் நின்று ‘ஆமாம், தவரம்தான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கையால் வார்த்த பொருளை என் கண் முன்னாலேயே ஒருவன் வேறு பொருள் என்று சொன்னால் எப்படிப் பொறுப்பது?

“எது தவரம்? இதுவா?” என்று குண்டைப் பிடுங்கினேன். வாட்சரின் ரசீது புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையில் ஒரு இழு இழுத்தேன். கன்னங்கரேல் என்று கோடு விழுந்தது. தொப்பிக்காரனின் பெட்டியிலேயே மாதிரிக்கு ஒரே ஒரு நிஜமான வெள்ளீய மணி கிடந்தது. அதையும் எடுத்துப் பக்கத்தில் இழுத்தேன். ஒன்றுமே விழவில்லை.

“இதுதான் தவர. இது ஊமை. அது ஈயம். தேச்சா தானே பேசும்” என்றேன்.

தொப்பிக்காரன் கண்ணாடியைக் கழற்றினான். “நீ யாருய்யா நடுவுல?”

“இத வார்த்தவன்யா!”

வாட்சர் சிரித்துவிட்டார். “யஜமானரே, இன்னொந்து சல தோர்ஸி” என்றார், இன்னொரு தரம் காட்டுங்கள் என்று. காட்டினேன். அவரே தேய்த்துப் பார்த்தார். புத்தகத்தின் பின்னட்டை முழுக்கக் கோடு. என்னை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். நான் வந்த வேலையைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஏழுமலை சிரித்துக்கொண்டே வந்தான். “நீ நல்ல ஆளு அண்ணே. சண்ட போடப் போய், அவன் கைல கத்தியக் குடுத்துட்டு வந்துகீற.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் சொல்கிறேன், அந்த டீ மாதிரி ஒரு டீ நான் இந்த ஊரில் குடித்ததில்லை.

5

இனி எழுதப்போவதைக் கனகாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

சில நாள் கழித்து வன இலாகா ரேஞ்சர் அம்மா கூப்பிட்டனுப்பினார். இளம் வயது, என் மகளைவிடச் சின்னவர். வாட்சர் சொன்ன சோதனையை எழுதி வாங்கி மற்ற வாசல்களுக்கும் அனுப்பப் போகிறார்களாம். நானும் ஏழுமலையும் போனோம். எங்களில் தேய்த்துக் காட்டியது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் மேசை டிராயரிலிருந்து சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

“கரையில் ஒரு புள்ளிமூக்கு வாத்து. கழுத்தைத் தூக்க முடியாமல் கிடந்தது. பறக்க முடியவில்லை. மூன்று நாள் வைத்துப் பார்த்தோம், செத்துவிட்டது. இரைப்பையை அறுத்ததில் இது இருந்தது. சின்னக் கல் என்று நினைத்து விழுங்கியிருக்கும்” என்றார்.

புட்டியில் நாலு மிளகுக் குண்டு. பாதி தேய்ந்திருந்தன. என்னுடைய மிளகு அச்சில் விளிம்பு ஒரு இடத்தில் உடைந்திருக்கும். அதில் வார்க்கிற எல்லாக் குண்டுக்கும் கழுத்தில் குருணை அளவுக்கு ஒரு மேடு வரும். கடைக்காரனுக்குத் தெரியாது, வாங்குகிறவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாலில் இரண்டில் அந்த மேடு இருந்தது.

“இதை வார்த்தது யாரென்று உங்களுக்குத் தெரியுமா?” என்று அந்த அம்மா சும்மாதான் கேட்டார்.

கேஸ் போடுவார்களோ, கொட்டகைக்கு சீல் வைப்பார்களோ, தமிழன் என்று பேப்பரில் எழுதுவார்களோ, என்னென்னவோ ஓடியது. வாசலில் மார்தட்டி ‘இத வார்த்தவன்’ என்று கத்திய அதே வாய்தான். மேசைக்கு முன்னால் அது மூடிக்கொண்டது.

ஏழுமலைதான் பேசினான். “நாவே மேடம். நாங்கதான் வார்த்தோம். தெரியாமப் பண்ணிட்டோம்” என்று கன்னடத்தில் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. ரேஞ்சர் அம்மா அவனுக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். “இப்படி ஒப்புக்கொள்கிறவர்கள் யார் இருக்கிறார்கள்?” என்றார். நான் சுவர் ஓரமாக நின்றேன்.

பிறகு சோதனையைப் பற்றி ஒரு காகிதம். ஏழுமலையே கன்னடத்தில் மளமளவென்று எழுதினான்.

“என்னா எழுதினு கீற?” என்றேன்.

“நடந்ததுதான் அண்ணே. இங்க ஒரு கையெழுத்துப் போடு. சும்மா ஒரு பார்மாலிட்டி.”

போட்டேன். தமிழில், முழுப் பெயரும். விழா முடிந்த மறுநாள் செல்வி அந்த ஆபீஸுக்குப் போய் அந்தக் காகிதத்துக்கு ஜெராக்ஸ் வாங்கி வந்தாள். முழுக்க முழுக்க ‘ஏழுமலை ஆகிய நான்’. நான் கண்டறிந்தேன், நான் தேய்த்துக் காட்டினேன். என் கையெழுத்து இருந்த இடத்துக்கு மேலே ‘சாட்சி’ என்று இருந்ததாம். நான் செய்த காரியத்துக்கு என்னையே சாட்சி ஆக்கியிருக்கிறான்.

6

இத்தோடு போயிருந்தாலும் விட்டிருப்பேன். விழாவுக்கு மறுநாள் கன்னடப் பேப்பரில் அவன் போட்டோ. செல்வி படித்துச் சொன்னாள்: “பல வருஷம் ஈயக் குண்டு வார்த்த கை, இன்று பறவைகளைக் காக்கிறது.”

யாருடைய கை? என்னிடம் இரண்டு மாதம், மழைக்காலத்தில், பீன்யா வேலைக்கு ஆள் எடுக்கும் வரைக்கும் சைக்கிளில் கடைகளுக்குக் குண்டு கொண்டு போய்ப் போட்டான். அவ்வளவுதான். கரண்டியைப் பிடித்ததே இல்லை. உள்ளே புகை என்று கொட்டகை வாசலிலேயே நிற்பான். இத்தனை வருடம் அந்தப் புகையைக் குடித்தவன் நான். வயிற்று வலியும் கை நடுக்கமும் எனக்கு. என் பேரனை அந்தக் கொட்டகைப் பக்கம் விடுவதில்லை என் மகள். என் மடியில் அவன் உட்கார வேண்டும் என்றால்கூட முதலில் என்னைக் குளித்துவிட்டு வரச் சொல்கிறாள். அந்தப் பாவமும் எனக்குத்தானே? அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

நம்மூர் ஏரி வற்றிய வருடம் எல்லோரும் சேற்றில் இறங்கி மீன் பிடித்தோமே, சில பேருக்கு நினைவிருக்கும். கை நீளத்துக்கு ஒரு விரால் என் பிடியில் வந்தது. சேற்றோடு கட்டிப்பிடித்துக் கரைக்குக் கொண்டு வந்தேன். என் பெரியப்பா மகன் சட்டையில் ஒரு சொட்டுச் சேறு இல்லாமல் அதை வாங்கித் தலைக்கு மேலே தூக்கினான். ஊர் கைதட்டியது. அன்றைக்கும் எனக்கு இப்படித்தான் எரிந்தது. அது மீன், ஒரு வேளைக் குழம்போடு போயிற்று. இது பலகை, மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும்படி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

ஏழுமலை வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவன் மழுப்பவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

“அண்ணே, அந்த அம்மா கேட்டப்ப நீ ஏன் வாயத் தொறக்கல? செவுத்த பாத்துகினு நின்ன. யாராவது ஒருத்தன் பேசணும்ல? கேஸு கீஸு போட்டிருந்தா என் மேலதான் போட்டிருப்பாங்க. அன்னிக்கி உனுக்கு வோணாம். இன்னிக்கி மால போட்டதும் வோணுமா?”

“கோடு போட்டுக் காட்டினது யாருடா?”

“நீதான். யாரு இல்லன்னது? ஆனா ஈயம் உன்னுதுன்னு நீ சொல்லாம, கோடு மட்டும் உன்னுதுன்னு எப்படிச் சொல்றது? ரெண்டும் ஒரே காகிதத்துல வரணும்ணே.”

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் சொன்னதில் பாதி நியாயம். அந்தப் பாதிதான் நெஞ்சில் குத்துகிறது.

நேற்று செல்வியை உட்கார வைத்து ரேஞ்சர் அம்மாவுக்கு மனு எழுதச் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் திருப்பிச் சொல்ல வைத்தேன். பாதியில் பேனாவை வைத்துவிட்டாள்.

“நல்லா யோசிச்சுக்கோப்பா. இதக் குடுத்தா அந்த வாத்தும் உன் பேருல வரும்.”

“வரட்டும்.”

“புள்ளைய ஸ்கூல்ல அங்கதான் கூட்டிகினு போவாங்க. வாசல்ல நின்னு படிப்பான்.”

“அவனுக்கு நல்லாப் படிக்க வரும்ல? படிக்கட்டும்.”

அவள் பேனாவை எடுத்து எழுதி முடித்தாள். இந்த வாரம் நானே நேரில் கொண்டு போய்க் கொடுக்கப் போகிறேன். இந்த முறை மேசைக்கு முன்னால் நின்று என் வாயால் சொல்வேன். கேஸ் வந்தால் வரட்டும்.

மனுவில் கேட்டிருப்பதை உங்களுக்கும் எழுதுகிறேன். அவர்கள் செய்யாவிட்டாலும் நம்மூரிலாவது நாலு பேருக்குத் தெரியட்டும். அந்தப் பலகையில், ‘இந்த ஏரியில் செத்த வாத்தின் வயிற்றில் இருந்த ஈயத்தை வார்த்தவர் ஈஜிபுரா கோவிந்தசாமி’ என்று ஒரு வரி எழுத வேண்டும். அதற்கு அடுத்து, ‘ஈயத்தைக் காகிதத்தில் தேய்த்துக் கண்டுபிடிக்கும் வழியைக் காட்டியவரும் அவரே’ என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் ஒரே அளவு எழுத்து. ஏழுமலையின் பெயரை வைத்துக்கொள்ளட்டும், அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இரக்கப்பட்டு, முதல் வரி வேண்டாம், இரண்டாவது மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டையும் செய்தவன் நான். இரண்டையும் எழுதுங்கள்.